கன்றுக் கழிச்சல்: நிறத்தைவிட வயதைப் பாருங்கள்

கன்று கழிந்ததும் நம் கை நேராகப் போவது குடற்புழு மருந்து பாட்டிலுக்குத்தான். ஆனால் அடிக்கடி வரும் மூன்று ஒட்டுண்ணிகளில் ஒன்றுக்குத்தான் அது கேட்கும்.

பிறந்த ஐந்தாம் நாள் தொடங்கி மூன்று வாரத்துக்குள் மஞ்சள் தண்ணீராகப் பீய்ச்சினால் என் முதல் சந்தேகம் கிரிப்டோஸ்போரிடியம். (ரோட்டா வைரஸும் இதே வயதில்தான் வரும், இரண்டும் கூட்டாகவும் வரும்.) கிரிப்டோஸ்போரிடியம் புழுவே அல்ல, ஓரணு உயிரி. பிளீச்சிங் பவுடருக்கு அசையாது; கொதிநீரும் நன்றாகக் காய்ந்த தரையும்தான் அதற்கு எதிரி. கழுத்துத் தோலைக் கிள்ளி விடுங்கள். மடிப்பு உடனே விழாமல் நின்று, கண்ணும் குழி விழுந்திருந்தால் உடம்பில் நீர் வற்றிவிட்டது. கன்றைக் கொல்வது பெரும்பாலும் அந்த வறட்சிதான். பாலை நிறுத்தாமல், இடையிடையே உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும். எழுந்து நிற்க முடியாத கன்றுக்கு டிரிப்ஸ்தான் வழி. கழுவிய கையைச் சோப்பு போட்டு இன்னொரு முறை கழுவுங்கள். இது மனிதருக்கும் தொற்றும்.

காக்சிடியாவும் ஓரணு உயிரிதான், ஆனால் அவசரப்படாது. உள்ளே போய் இரண்டு மூன்று வாரம் கழித்தே வேலையைக் காட்டும். அதனால் பத்து நாள் கன்றின் கழிச்சலுக்கு இதன்மேல் பழி போட முடியாது. ரத்தமும் சளியும் கலந்த சாணம், வாலைத் தூக்கிக்கொண்டு முக்கல். ஆம்ப்ரோலியம் என்ற மருந்தை உடல் எடையில் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஐந்து நாள் கொடுப்பது வழக்கம். ஆனால் ரத்தம் தெரிவதற்குள் குடல் புண்ணாகியிருக்கும். கிரிப்டோவின் முட்டை சாணத்தோடு விழும்போதே தொற்றத் தயார். காக்சிடியா முட்டையோ ஈரத்தில் இரண்டு நாளாவது முதிர வேண்டும். தினம் சாணம் அள்ளும் கொட்டகைக்கு இந்த இடைவெளி பெரிய லாபம்.

மூன்றாவது, எருமைக் கன்றுகளை அதிகம் வாட்டும் உருண்டைப் புழு, டாக்ஸோகாரா. ஒரு சாண் நீளம் வளரும். களிமண் நிறச் சாணம், குடலைப் புரட்டும் நாற்றம். குஞ்சுப் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே வருவதால் தொழுவம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தப்ப முடியாது. பாட்டில் பலிப்பது இங்கேதான்: பிறந்த பத்திலிருந்து பதினைந்து நாளுக்குள் பைபரசின் என்ற புழு மருந்து.

சந்தேகம் தீராவிட்டால் புதுச் சாணத்தை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கிரிப்டோவைக் கண்டுபிடிக்கத் தனிச் சாயம் ஏற்ற வேண்டும், கேட்டு வாங்குங்கள். டப்பாவின் மேல் கன்றின் வயதை நாள் கணக்கில் எழுத மறக்காதீர்கள்.