மூடியை மூடினால் லேப்டாப் என்ன செய்ய வேண்டும்? ஸ்லீப், மாடர்ன் ஸ்டேண்ட்பை, ஹைபர்நேட், ஷட் டவுன்

ஒரு ஞாயிறு இரவு சென்னையிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறினேன். கிளம்புவதற்கு முன் லேப்டாப்பை மூடி, உறைக்குள் போட்டு, பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். அப்போது 80 சதவீதம் சார்ஜ் இருந்தது. விழுப்புரம் தாண்டும்போது மடியில் இருந்த பை சுட்டது. ஜிப்பைத் திறந்ததும் சூடான காற்று முகத்தில் அடித்தது. மூடி மூடித்தான் இருந்தது, ஆனால் உள்ளே ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சார்ஜ் 46 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். சேமிக்காமல் விட்டிருந்த ஒரு ஃபைலும் அதோடு போனது.

அந்த லேப்டாப் பழுதானதில்லை. நான் ‘ஸ்லீப்’ என்று நினைத்தது வேறு, அது செய்த ‘ஸ்லீப்’ வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் பேட்டரியையே மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த ஒப்பீடு.

ஒரே பெயரில் இரண்டு தூக்கம்

இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் ஏசிபிஐ என்ற விதிமுறையை வெளியிட்டன. கம்ப்யூட்டர் எந்தெந்த நிலைகளில் தூங்கலாம் என்பதை எஸ்0 முதல் எஸ்5 வரை எண்ணிட்டுப் பிரித்தது இதுதான். எஸ்0 என்றால் விழிப்பு, எஸ்5 என்றால் ஷட் டவுன். நமக்கு முக்கியமானவை இடையிலுள்ள எஸ்3-உம் எஸ்4-உம்.

எஸ்3-தான் பழைய, உண்மையான ஸ்லீப். பிராசஸர், திரை, டிஸ்க் எல்லாவற்றுக்கும் மின்சாரம் நின்றுவிடும். திறந்திருக்கும் வேலையைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகமான ரேமுக்கு மட்டும் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும். ரேமில் இருக்கும் ஒவ்வொரு பிட்டையும் 64 மில்லி விநாடிக்கு ஒரு முறையாவது புதுப்பிக்காவிட்டால் அது அழிந்துவிடும், அதற்காகத்தான் அந்தச் சின்ன மின்சாரம். மூடியைத் திறந்தால் இரண்டு மூன்று விநாடியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். என் பழைய லேப்டாப்பை இரவு முழுக்க எஸ்3-இல் விட்டால் காலையில் மூன்று நான்கு சதவீதம்தான் குறைந்திருக்கும்.

மாடர்ன் ஸ்டேண்ட்பை இன்னொரு ஜாதி. 2012-இல் விண்டோஸ் 8 கொண்டுவந்த கனெக்டட் ஸ்டேண்ட்பை, விண்டோஸ் 10-இல் இந்தப் பெயருக்கு மாறியது. இதில் எந்திரம் எஸ்0-விலேயே, அதாவது விழிப்பு நிலையிலேயே இருந்துகொண்டு தன் மின்செலவை மட்டும் குறைத்துக்கொள்கிறது. போன் மாதிரி திரை அணைந்த பிறகும் மெயில் வாங்கலாம், அப்டேட் இறக்கலாம், தொட்டதும் ஒரு விநாடிக்குள் எழலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் போனில் வன்பொருள், மென்பொருள், வன்பொருளை இயக்கும் சின்ன மென்பொருளான டிரைவர் எல்லாம் ஒரே கை வைத்துச் செய்தவை. லேப்டாப்பில் வைஃபை சிப் ஒருவருடையது, அதன் டிரைவர் இன்னொருவருடையது, அதன்மேல் நாம் நிறுவிய ஆப்கள் வேறு. இவற்றில் ஏதாவது ஒன்று அடங்க மறுத்தாலும் எந்திரம் ஆழ்ந்து தூங்காது. மேசைமேல் இருந்தால் அது வெறும் சார்ஜ் நஷ்டம். காற்றே புகாத பைக்குள் இருந்தால் சூடு.

என்னைக் கேட்டால், பையில் தூக்கிக்கொண்டு அலைகிறவருக்கு மாடர்ன் ஸ்டேண்ட்பையை நம்பி மூடியை மூடச் சொல்ல மாட்டேன்.

உங்களிடம் இருப்பது எது?

கட்டளைகளை அடிக்கும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ‘பவர்சிஎஃப்ஜி’ என்று ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, சாய்கோடு போட்டு ‘ஏ’ அடியுங்கள். உங்கள் எந்திரத்துக்குத் தெரிந்த தூக்க நிலைகளின் பட்டியல் வரும். ‘ஸ்டேண்ட்பை எஸ்3’ என்று இருந்தால் பழைய ஸ்லீப். ‘எஸ்0 லோ பவர் ஐடில்’ என்று இருந்தால் மாடர்ன் ஸ்டேண்ட்பை.

இரண்டாவது வகை என்றால், அதே கட்டளையில் ‘ஏ’-வுக்குப் பதில் ‘ஸ்லீப்ஸ்டடி’ என்று போட்டு ஒரு அறிக்கை எடுக்கலாம். இதற்கு அட்மினாக இயக்க வேண்டும். நீங்கள் மூடிவைத்த ஒவ்வொரு முறையும் எவ்வளவு சார்ஜ் போனது, எவ்வளவு நேரம் ஆழ்நிலையில் இருந்தது என்று வரிசையாகக் காட்டும். அந்த ஆழ்நிலையை ‘டிரிப்ஸ்’ என்ற பெயரில் சதவீதமாகக் கொடுப்பார்கள். அது 90-க்கு மேலே இருந்தால் சரி. என் பஸ் பயணத்து வரியில் அது 20-ஐக்கூடத் தொடவில்லை. கீழே குற்றவாளியின் பெயரும் இருந்தது: நெட்வொர்க் டிரைவர்.

மாடர்ன் ஸ்டேண்ட்பையிலிருந்து எஸ்3-க்கு மாறலாமா? எல்லோராலும் முடியாது. லெனோவோவின் சில திங்க்பேட்களின் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையில், ‘ஸ்லீப் ஸ்டேட்’ என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதில் விண்டோஸ் 10 என்பதற்குப் பதில் லினக்ஸ் என்று வைத்தால் எஸ்3 கிடைக்கும். விண்டோஸ் தன் உள் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கும் வழியும் உண்டு. ஆனால் எந்திரத்தோடு வரும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே எஸ்3 இல்லாத எந்திரத்தில் அதைச் செய்தால் ஸ்லீப் என்பதே இல்லாமல் போய்விடும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3 இல்லவே இல்லை. அதனால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஹைபர்நேட்

இதுதான் எஸ்4. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு ஃபைலாக எழுதிவிட்டு எந்திரம் முழுதாக அணைந்துவிடும். பேட்டரியைக் கழற்றினாலும், ஒரு வாரம் கழித்துத் திறந்தாலும், திறந்து வைத்திருந்த ஜன்னல்கள் அப்படியே இருக்கும். பையில் சூடாக வாய்ப்பே இல்லை. பேட்டரி செத்துப்போய் சார்ஜரிலேயே ஓடும் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால் ரேமில் இருந்த எல்லாம் போச்சு, ஹைபர்நேட்டில் ஒன்றும் ஆகாது.

பாதுகாப்பிலும் இது மேல். ஸ்லீப்பில் இருக்கும்போது டிஸ்க்கைப் பூட்டிய சாவி ரேமிலேயே கிடக்கும். ரேமைக் குளிரவைத்து அந்தச் சாவியை எடுக்க முடியும் என்று 2008-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்தே காட்டினார்கள். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் போட்ட டிஸ்க்கில் ஹைபர்நேட் ஃபைலும் பூட்டுக்குள்தான் இருக்கும்.

குறைகள் உண்டு. எழுந்து வர என் லேப்டாப்பில் 15 விநாடி ஆகிறது. அந்த ஃபைல் வழக்கமாக ரேம் அளவில் 40 சதவீத இடத்தைப் பிடித்துக்கொள்ளும், 16 ஜிபி ரேம் என்றால் 6.4 ஜிபி. அப்புறம் எல்லோரும் கேட்கும் கேள்வி: தினமும் இவ்வளவு எழுதினால் எஸ்எஸ்டி தேயாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாம்சங் 970 ஈவோ என்ற எஸ்எஸ்டியின் 500 ஜிபி மாடலில் மொத்தம் எவ்வளவு எழுதலாம் என்று நிறுவனம் கொடுத்த வரம்பு 300 டெராபைட். ஒரு முறைக்கு 6 ஜிபி என்று தினம் இரண்டு முறை ஹைபர்நேட் செய்தால் வருடத்துக்கு 4.4 டெராபைட் ஆகும். வரம்பைத் தொட 68 வருடம் வேண்டும். இந்தப் பயத்துக்காக ஹைபர்நேட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

விண்டோஸ் இதைப் பவர் மெனுவில் ஒளித்தே வைத்திருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், இடப்பக்கம் பவர் பட்டன்கள் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இணைப்பைத் தட்டுங்கள். ‘இப்போது மாற்ற முடியாத அமைப்புகளை மாற்று’ என்ற பொருளில் மேலே ஒரு வரி இருக்கும். அதைத் தட்டினால்தான் கீழே ஹைபர்நேட் கட்டம் உயிர்பெறும். கட்டமே இல்லையென்றால் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் பவர்சிஎஃப்ஜிக்குப் பின் சாய்கோடு, ‘ஹெச்’, இடம் விட்டு ‘ஆன்’ என்று அடித்துவிட்டு மறுபடி பாருங்கள்.

ஷட் டவுன்

விண்டோஸ் 8 முதல், சீக்கிரம் தொடங்க உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் எந்திரத்தில் ஷட் டவுன் முழு ஷட் டவுன் அல்ல. உங்கள் ஆப்களை மூடிவிட்டு விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலை மட்டும் ஹைபர்நேட் செய்கிறது. அதனால்தான் டிரைவர் கோளாறு ஷட் டவுனில் தீராமல் ரீஸ்டார்ட்டில் தீர்கிறது. லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்கள் இதை அணைத்துவிடுவது நல்லது, இல்லையென்றால் விண்டோஸ் பார்ட்டிஷனில் லினக்ஸ் எழுத மறுக்கும்.

லினக்ஸ், மேக்

லினக்ஸில் சிஸ் என்ற அடைவின் கீழ் பவர் என்ற அடைவில் ‘மெம் ஸ்லீப்’ என்ற ஃபைலைத் திறந்தால் ‘எஸ்2ஐடில்’, ‘டீப்’ என்று இருக்கும், சதுர அடைப்புக்குள் இருப்பதுதான் இப்போதைய தேர்வு. டீப் என்பது எஸ்3. ஹைபர்நேட்டுக்குப் போதுமான ஸ்வாப், அதாவது ரேமுக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம், வேண்டும். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கினால் பெரும்பாலும் ஹைபர்நேட்டை அனுமதிக்காது. முதலில் ஸ்லீப், சில மணி நேரம் கழித்துத் தானாக ஹைபர்நேட் என்ற கூட்டு முறையும், பல லினக்ஸ்களில் பின்னணி வேலைகளை நடத்தும் சிஸ்டம்டியில் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான்.

இன்டெல் மேக்புக்கில் ‘ஹைபர்நேட்மோட்’ என்ற அமைப்பு வழக்கமாக 3 என்று இருக்கும். ரேமுக்கும் மின்சாரம் கொடுத்து, டிஸ்க்கிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளும் நல்ல ஏற்பாடு. மாற்றத் தேவையில்லை.

என் லேப்டாப்பில் இப்போது சார்ஜரில் இருக்கும்போது மூடினால் ஸ்லீப், பேட்டரியில் இருக்கும்போது மூடினால் ஹைபர்நேட். பையில் போடுவதற்கு முன் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் மூடுகிறேன், மூடிவிட்டுக் கழற்றினால் ஸ்லீப்பிலேயே நின்றுவிடும். அப்புறம் பக்கவாட்டு விளக்கு அணையும் வரை பத்து விநாடி காத்திருக்கிறேன். போன வாரமும் அதே மதுரை பஸ்தான். 80 சதவீதத்தில் ஏறினேன், மாட்டுத்தாவணியில் திறந்தபோது 80.