பாறையில் இந்த ஷூ நிற்குமா? குன்னூர், கோத்தகிரி மலைகளில் போட்டு நடந்து பார்த்தது

கோயம்புத்தூரில் ஒரு பெரிய விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய டிரெக்கிங் ஷூ இது. கணுக்கால் வரை வரும். தண்ணீர் புகாது என்று பெட்டியில் எழுதியிருக்கும். அடியில் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கட்டை கட்டையாக ரப்பர் பற்கள். விலை நாலாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். இதே மாதிரி அடிப்பாகம், இதே மாதிரி உள்துணி போட்டு, இதே விலையில் நாலைந்து கம்பெனிகள் விற்கின்றன. நான் சொல்லப்போவது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

நான் குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். கயிறு கட்டி ஏறுகிற ஆள் இல்லை. லீவு நாளில் ஏதாவது ஒரு மலை விளிம்புக்குப் போய், கீழே சமவெளியைப் பார்த்துக்கொண்டே கட்டுச்சோறு தின்றுவிட்டு வருகிறவன். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. சுற்றுலா வருகிறவர்கள் பார்க்கும் இடங்களுக்கு மட்டும் போவதாக இருந்தால் இந்த ஷூவுக்குக் காசைக் கொட்டாதீர்கள். லேம்ப்ஸ் ராக், லேடி கேனிங் சீட், டால்பின் நோஸ் மூன்றும் ஒரே ரோட்டில் வரிசையாக இருக்கின்றன. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். டால்பின் நோஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிரே கேத்தரின் அருவி விழுவதைப் பார்ப்பதற்கு ரப்பர் செருப்பே தாராளம். கோத்தகிரியைத் தாண்டிக் கோடநாடு காட்சி முனையும் அப்படித்தான். அங்கிருந்து கீழே மாயாற்றையும் தெங்குமரஹாடா வயல்களையும் பார்க்கப் புடவையும் ஹீல்ஸுமாக வருகிறவர்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒருவரும் விழுந்ததில்லை.

ஷூ தேவைப்படுவது குன்னூர் பக்கத்துப் பக்காசுரன் மலை மாதிரி இடத்துக்கு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ட்ரூக் என்பார்கள். மேலே இடிந்துபோன கோட்டைச் சுவர் இருக்கிறது, திப்பு சுல்தான் காவலுக்கு வைத்திருந்த இடம் என்பார்கள். போகிற வழியில் மூன்று விதமான தரை மாறி மாறி வரும். முதலில் தேயிலைக் காட்டுக்குள் ஜீப் ரோடு, அப்புறம் சோலைக்குள் ஈரமண்ணும் வேருமாக ஒற்றையடிப் பாதை, கடைசியில் மொட்டைப் பாறை. ஒரு ஷூவைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. வனத்துறை இந்தப் பாதைகளை அவ்வப்போது மூடும், திறக்கும். 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணியில் தீ பரவி மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு விதிகள் இறுகிவிட்டன. கேட்டுவிட்டுப் போங்கள், கோடையில் கட்டாயம் கேளுங்கள்.

தேயிலைக் காட்டு ஏற்றத்தில் ஷூவுக்கு நூற்றுக்கு நூறு. மழை பெய்து ஊறிய செம்மண்ணில் அந்தப் பற்கள் இறங்கிப் பிடித்துக்கொள்கின்றன. முன்நுனியில் கெட்டியான ரப்பர் மூடி இருப்பதால் கவாத்து வெட்டிய தேயிலைக் கட்டைகளில் இடித்தாலும் விரலுக்கு ஒன்றும் ஆவதில்லை. லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கு இரண்டு பக்கமும் துணியோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது. கடையில் யாரும் இதைச் சொல்லி விற்பதில்லை, எனக்கு இதுதான் பெரிய விஷயம். நாக்கு பிரிந்திருக்கும் ஷூவில் லேஸ் இடுக்கு வழியாக அட்டை நுழைந்துவிடும். இதில் அது மேலே சாக்ஸ் வரை ஏறித்தான் வர வேண்டும், அதற்குள் பார்த்துத் தட்டிவிடலாம். சாக்ஸில் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டால் இன்னும் நிம்மதி.

பாறைக்கு வருவோம். இந்த மலை முழுக்கப் பெரும்பாலும் சார்னோகைட் என்கிற கல். பல்லாவரம், பரங்கிமலையில் இருப்பதும் இதே வகைதான். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்கிற வெள்ளைக்காரருடைய சமாதிக்கு அந்தக் கல்லைக் கொண்டுபோய் வைத்ததால் வந்த பெயர். காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக, கையை வைத்தாலே பிடிக்கும். ஆனால் வெயிலும் மழையும் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கி வைத்திருக்கின்றன. கால் வைக்கப் படி மாதிரி விளிம்பு குறைவு, சரிவுதான் அதிகம். மேலே கறுப்பும் சாம்பலுமாகப் பாறைப்பாசி படர்ந்திருக்கும். மழை தொட்டவுடன் அது வழுக்கும்.

இங்கேதான் டிரெக்கிங் ஷூ என்று விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம். ஆழமான பல்லைக் காட்டி ‘நல்ல கிரிப் சார்’ என்கிறார்கள். கல்லாறு தொடங்கிக் குன்னூர் வரை நம் மலை ரயில் ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி ஏறுகிற அந்தப் பாதையில் எஞ்சினின் பல்சக்கரம் இழுப்பது, நடுவே தண்டவாளத்தோடு பல் வைத்த இரும்புப் பட்டையும் பதித்திருப்பதால்தான். அந்தப் பட்டை இல்லாத இடத்தில் பல்சக்கரத்துக்கு வேலையே இல்லை. மண்ணில் பல் இறங்கும். பாறையில் எங்கே இறங்கும்? பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி பாறையைத் தொடுவதே இல்லை, ஆகையால் பிடிக்க வேண்டிய ரப்பரில் பாதிதான் வேலை செய்கிறது. பாறைக்கு வேண்டியது மெத்தென்ற ரப்பர், தட்டையான அடி. மலையேறும் வீரர்கள் பாறைக்குப் போடுகிற ஷூவின் அடியைப் பாருங்கள், ஒரு பல்கூட இருக்காது.

காய்ந்த பாறையில் இந்த ஷூ மோசமில்லை. முழு அடியையும் சரிவில் பதித்து, உடம்பைப் பாறையோடு சாய்க்காமல் நேராக நின்றால் நிற்கிறது. பயத்தில் குனிந்து கையை ஊன்றினால் எடை காலிலிருந்து போய்விடும், அப்போது எந்த ஷூவும் சறுக்கும். ஈரப் பாறையில் மட்டும் இதை நம்ப முடியவில்லை. ட்ரூக் உச்சிக்குக் கொஞ்சம் கீழே மழைத்தூறலில் ஒரு சரிவைக் கடக்க நான் தவித்துக்கொண்டிருந்தபோது, கூட வந்த மேஸ்திரி அண்ணன் கம்பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் நடந்து போனார். “அதைக் கழட்டிட்டு வாங்க சார். எங்க நிக்கணும்னு விரலுக்குத் தெரியும்” என்றார். அவர் விரலுக்குத் தெரியும், சரி. என் விரல் லெட்ஜரோடு வளர்ந்தது. உட்கார்ந்து சறுக்கியே கடந்தேன்.

வன வாட்சர்கள் பலர் போடுகிற பச்சைக் கேன்வாஸ் ஜங்கிள் ஷூவையும் போட்டுப் பார்த்தேன். சில நூறு ரூபாய்தான். அடி ரப்பர் மெத்தென்று இருக்கிறது, பாறை மேல் நாலாயிரம் ரூபாய் ஷூவைவிட ஒரு படி மேல் என்று கூச்சமில்லாமல் சொல்வேன். சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது. ஆனால் ஜல்லி ரோட்டில் நடந்தால் ஒவ்வொரு கல்லும் உள்ளங்காலுக்குத் தனித்தனியாகத் தெரியும். இறக்கத்தில் முட்டி கெஞ்சும். நாற்பதைத் தாண்டியவர்கள் யோசித்து வாங்குங்கள்.

கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையில் கதை வேறு. தென்மேற்கு மழை அங்கே மலை மறைவில் குறைந்துவிடும் என்பதால் ஆடி, ஆவணியில்கூடப் பாறை காய்ந்து கிடக்க வாய்ப்பு அதிகம். 1785 மீட்டர் உயரம், இருளர்கள் பூசை செய்கிற சாமி மலை. பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் ரங்கசாமித் தூண் ஏறத்தாழ 400 அடி, அதன்மேல் எந்த ஷூ போட்டும் ஏறுகிற எண்ணம் எனக்கு இல்லை. உச்சிக்குப் போகிற வழியில் சரளையும் காய்ந்த புல்லும் பாறையும் கலந்து வரும். அங்கே இந்த ஷூ போட்ட காசுக்கு உழைத்தது. இறக்கத்தில் குதிகாலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கத்துக் கொக்கியில் லேஸை இழுத்துக் கட்டினால் கட்டைவிரல் முன்னே போய் இடிப்பதில்லை. சாமி இருக்கும் இடத்தில் கழற்றத்தான் வேண்டும், அந்த நீள லேஸைக் கட்டி அவிழ்க்கும் நேரத்தில் மற்றவர்கள் கும்பிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் புகாது என்பது பாதி உண்மை. புல்லில் இருக்கும் பனிக்கும் சின்ன ஓடைக்கும் சரி. ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் அடிக்கும் மழையில் பேண்ட் வழியாகத் தண்ணீர் மேலிருந்து இறங்கும். இறங்கியது வெளியே போகாது, உள்ளே வராமல் தடுக்கும் அதே துணிதான் அதையும் தடுக்கிறது. அந்த மாதத்தில் இது காய இரண்டு மூன்று நாள் ஆகிறது. உள்அட்டையைக் கழற்றி, செய்தித்தாளைத் திணித்து, அடுப்பங்கரையில் தள்ளி வைப்பேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தால் பசை விட்டுவிடும்.

இன்னொன்று, மலையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. சில ஷூக்களில் அடிப்பாகத்தின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்கிற நுரையில் இருக்கும். ஈரக்காற்று பட்டுப் பட்டு அது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும். போடாமல் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தாலும் சில வருஷத்தில் பொடிப்பொடியாக உதிரும், அடி மொத்தமாகக் கழன்று வரும். இ.வி.ஏ. என்று போட்டிருந்தால் (அது வேறு வகை நுரை) அந்த வம்பு இல்லை, நாளாக நாளாக அமுங்கித் தட்டையாகும், அவ்வளவுதான். என்னுடையது இ.வி.ஏ. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் பெட்டியில் தேடுங்கள்.

சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, மலைக்குப் போடும் தடிமனான சாக்ஸோடு போய் வாங்குங்கள். கடைக்குள்ளேயே படிக்கட்டு இருந்தால் அதில் இறங்கிப் பாருங்கள், விரல் முன்னே இடித்தால் ஒரு சைஸ் கூட்டுங்கள். அடியை நகத்தால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சங்கூட அமுங்காத பிளாஸ்டிக் மாதிரி இருந்தால், எவ்வளவு ஆழமான பல் இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து, காய்ந்த பாறைக்கு மூன்றரை, நனைந்த பாறைக்கு ஒன்று. மழை நாளில் ட்ரூக் போவதென்றால் நான் பையில் அந்தக் கேன்வாஸ் ஜோடியையும் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறேன்.