டர்பனில் ‘செக்‌ஷன் 21’ பேக்கேஜ்: கொட்டேஷனில் எது விட்டுப்போகிறது?

கல்யாணத்துக்கு முன் ஏ.என்.சி. (சொத்து ஏற்பாட்டை முன்கூட்டியே எழுதும் திருமண ஒப்பந்தம்) போடாத தம்பதிக்குத் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி சொத்தும் ஒன்று, கடனும் ஒன்று. கணவர் கடை நொடித்தால் மனைவி சம்பளத்தில் வாங்கிய வீடும் சேர்ந்தே போகும். பிற்பாடு அதைப் பிரிக்க வழி, 1984-ஆம் ஆண்டுத் திருமணச் சொத்துச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. டர்பனில் இதை ஒரே தொகைக்கு முடித்துத் தருவதாகச் சொல்லும் வக்கீல் அலுவலகங்கள் உண்டு. தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம். அலுவலகம் முதலில் என்ன கேள்வி கேட்கிறது என்று கவனியுங்கள்.

கேட்க வேண்டிய முதல் கேள்வி, கல்யாணம் ரெஜிஸ்டர் ஆனதா என்பது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றிருந்தால், அதை நடத்தி வைத்த குருக்கள் அரசு நியமித்த மேரேஜ் ஆஃபிசராகவும் இல்லாவிட்டால், மாற்றுவதற்குச் சொத்து ஏற்பாடு என்று ஒன்றே கிடையாது. சிவில் பதிவுக்கு முன் நோட்டரியிடம் ஏ.என்.சி. கையெழுத்திட்டு, அதைப் பதிவும் செய்தால் போதும், கோர்ட்டே வேண்டாம். இதைக் கேட்காமல் முன்பணம் வாங்கும் இடத்தை விட்டு எழுந்து வந்துவிடலாம். கல்யாணத்துக்கு முன்பே ஷரத்துகள் பேசி முடித்து, ஒப்பந்தம் மட்டும் ஒழுங்காகப் பதிவாகாமல் போனவர்களுக்கும் இந்தப் பேக்கேஜ் பொருந்தாது. அவர்களுக்கு டீட்ஸ் ரெஜிஸ்ட்ரீஸ் (பத்திரப் பதிவுச்) சட்டத்தின் 88-ஆம் பிரிவில் தனி விண்ணப்பம் இருக்கிறது.

அடுத்தது கடன் பட்டியல். ஹைகோர்ட் பார்ப்பது மூன்று: மாற்றத்துக்குத் தக்க காரணம், கடன் கொடுத்தவர்களுக்குப் போதிய அறிவிப்பு, யாருக்கும் பாதகம் இல்லை என்ற உறுதி. வேலையில் பாதி அந்த இரண்டாவதில்தான் கிடக்கிறது. அரசு கெஸட்டிலும் இரண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் விசாரணைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாக விளம்பரம் வர வேண்டும். வீட்டுக் கடன் வங்கி, கார் ஃபைனான்ஸ், துணிக்கடைக் கடன் அக்கவுன்ட் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சான்றளித்த தபால் போக வேண்டும். மலிவான கொட்டேஷனில் விளம்பரச் செலவும், கோர்ட்டில் வாதாடும் அட்வகேட்டின் கட்டணமும் ‘டிஸ்பர்ஸ்மென்ட்’ (வெளிச்செலவு) என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றையும் தனி வரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். தபாலை மட்டும் நம்பாமல் மின்னஞ்சலும் அனுப்பும் அலுவலகமே நல்லது. நம்மூர்த் தபால் லட்சணம் தெரிந்ததுதானே.

விளம்பரம் அச்சுக்குப் போகுமுன் புரூஃப் வாங்கிப் பாருங்கள். நாயுடு என்ற பெயர் ஐடியில் இரண்டு ‘ஓ’ போட்டும் பழைய டைட்டில் டீடில் ஒற்றை ‘யு’ போட்டும் இருக்கும். விளம்பரத்தில் ஒன்று, அஃபிடவிட்டில் ஒன்று என்று போனால் நீதிபதி தள்ளிவைக்கலாம். விளம்பரத்துக்கு மறுபடியும் காசு. தேதி தெரியும்படி பத்திரிகையின் முழுப் பக்கத்தை எடுத்து வையுங்கள், வெட்டிய துண்டு மட்டும் போதாது.

இனி நடப்புக்கு வரப்போகும் சொத்து ஒப்பந்தத்தின் வரைவை விண்ணப்பத்தோடேயே இணைக்க வேண்டும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் டீட்ஸ் ரெஜிஸ்ட்ராருக்கும் அது போகும். அக்ரூவல் (திருமண உறவு முடியும்போது இருவர் சொத்தின் வளர்ச்சியையும் பகிரும் முறை) வேண்டுமா வேண்டாமா என்பதை இங்கேதான் தீர்மானிக்கிறீர்கள். அக்ரூவல் இல்லாத வரைவை அச்சுப்போல நீட்டும் அலுவலகத்துக்கு மதிப்பெண் குறைவு. ஒருவர் வேலையை விட்டுப் பிள்ளைகளைப் பார்க்கும் வீட்டில் அது அநியாயம். அக்ரூவல் என்றால் இருவரின் தொடக்கச் சொத்து மதிப்பையும் எழுதிவிடுவது நல்லது. வாரிசுச் சொத்தும் பிறர் தந்த அன்பளிப்பும் பொதுவாக அந்தக் கணக்கில் சேராது.

கோர்ட் உத்தரவு வந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பதே பெரிய தவறு. நோட்டரி முன் கையெழுத்தாகி ஒப்பந்தம் பதிவாக வேண்டும். உத்தரவில் இதற்குப் பெரும்பாலும் இரண்டு மாதக் கெடு இருக்கும், தவறினால் உத்தரவே காலாவதி. கோர்ட் அனுமதி இல்லாமல் கையெழுத்திட்ட ஒப்பந்தமோ செல்லவே செல்லாது. வீட்டுப் பத்திரத்தில் மாற்றத்தைக் குறிக்கத் தனி விண்ணப்பமும் பாண்ட் (வீட்டு அடமானம்) வைத்திருக்கும் வங்கியின் சம்மதமும் தேவை. பேக்கேஜ் அதற்கு முன்பே நின்றுவிடுகிறதா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள்.

பழைய கடனை இது கழற்றிவிடாது. ஏற்கெனவே கடன் கொடுத்தவர்களின் உரிமை அப்படியே தொடரும் என்ற வரி உத்தரவில் வரும். ‘கடன்காரனிடமிருந்து வீட்டைக் காப்பாற்றலாம்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், நம்பிப் பணம் கட்டாதீர்கள்.