கத்திரி வெயிலில் வேலூர்: எந்தப் பக்கம் ரூம் போடலாம்?

கோடை விடுமுறைக்கு வேலூர் வருகிறோம் என்று யாராவது சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் சிரிப்புதான் வரும். ஊரே ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் ஓடுகிற மாதத்தில் வேலூரா? மே 4ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் பிறந்துவிட்டால், அந்த மாதக் கடைசி வரை இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது ஒரு செய்தியே இல்லை. இன்றைக்கு முதலிடம் திருத்தணிக்கா நமக்கா என்று டீக்கடையில் பேப்பரைப் பிரித்துவைத்துப் பந்தயம் கட்டுகிற ஊர் இது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அவை ராத்திரியில் நிதானமாகத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனாலும் சனம் வரத்தான் செய்கிறது. பிள்ளைகளுக்கு லீவு அப்போதுதானே. கோட்டையும் பொற்கோயிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் 130 கிலோமீட்டர்தான். பெங்களூர்க்காரர்களுக்கும் நாலு வழிச் சாலை வாசல் வரை வருகிறது. சரி, வாருங்கள். ஆனால் ரூம் எங்கே போடுவது என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள்.

மே மாத வேலூரில் ஒரு நாள் என்பது இரண்டு துண்டு. விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை ஒன்று, ஐந்து மணிக்கு மேல் இன்னொன்று. நடுவில் இருப்பதை ஏசிக்கு எழுதி வைத்துவிட வேண்டியதுதான். அதனால் ‘நகரின் மையப்பகுதி’ என்று ஓட்டல்காரர்கள் போட்டுக்கொள்வதற்கு இங்கே பெரிய அர்த்தம் கிடையாது. காலையில் பார்க்கப்போகும் இடத்துக்கு நடந்தே போய், வெயில் ஏறுவதற்குள் நடந்தே ரூமுக்குத் திரும்ப முடியுமா என்பதுதான் கணக்கு. அதை வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொரு பகுதியையும் எடை போட்டிருக்கிறேன்.

முதலில் கோட்டைப் பக்கம். பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிய தெருக்கள், ஆபீசர்ஸ் லைன் என்று இன்னமும் நாங்கள் சொல்லும் அண்ணா சாலை, இவற்றை இதில் சேர்க்கலாம். என் ஓட்டு இந்தப் பக்கத்துக்குத்தான். காரணம் காலை ஆறு மணி. அந்த நேரத்தில் அகழி ஓரமாக நடந்து பாருங்கள். தண்ணீரில் மதில் நிழல் விழுந்திருக்கும். வாக்கிங் போகிற பெரியவர்கள் இரண்டு இரண்டு பேராக அரசியல் பேசிக்கொண்டு எதிரே வருவார்கள். 133 ஏக்கர் கோட்டை, 16ஆம் நூற்றாண்டுக் கட்டு, உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தில் யாளியும் குதிரை வீரர்களுமாக நிற்கும் தூண்களைச் சாய்ந்த காலை வெளிச்சத்தில் பார்த்தால்தான் உளி வேலை தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் கல்தரை சுடுகிற சூட்டில் கண் தூணில் நிற்காது, காலைத்தான் தேடும்.

சாமியில்லாத கோயில் என்று வேலூரைக் கேலி பேசுவார்களே, அது இந்தக் கோயிலைத்தான். வெகுகாலம் மூலவர் இல்லாமல் கிடந்த சன்னிதியில் 1981இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகுதான் மறுபடி பூஜை தொடங்கியது. அதே வளாகத்தில் 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயம் இருக்கிறது, ஒரு மசூதியும் இருக்கிறது. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியலுக்கு முன்னால் ஆங்கிலேயருக்கு எதிராகச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் இந்த மதிலுக்குள்தான். அதற்கான நினைவுத்தூண் வெளியே மக்கான் சந்திப்பில் நிற்கிறது. பெரிய வகுப்பில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் பாடப் புத்தகத்தில் படித்ததை நேரில் காட்டிவிட்டு, ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிடத் திரும்பிவிடலாம். அரசு அருங்காட்சியகமும் உள்ளேயே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

குறையும் உண்டு. பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜ்களில் பல பழைய கட்டடங்கள். மாடிப்படி செங்குத்தாக இருக்கும், சிலவற்றில் லிப்ட் கிடையாது. முதல் டவுன் பஸ்ஸின் ஹாரன்தான் அலாரம். ரோட்டைப் பார்த்த ரூம் கொடுக்கிறேன் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னால், பின்பக்க ரூம் கேளுங்கள். ஆபீசர்ஸ் லைன் பக்கம் போனால் சத்தம் குறையும், வாடகை சற்று ஏறும். கோட்டையும் கூப்பிடு தூரத்திலேயே இருக்கும்.

அடுத்து சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரிப் பக்கம்: காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, அதன் சந்துகள். வேலூரில் எண்ணிக்கையில் அதிகமாகவும் விலையில் மலிவாகவும் ரூம் கிடைப்பது இங்கேதான். முன்பதிவுத் தளங்களில் விலை வரிசைப்படி தேடினால் முதலில் வந்து நிற்பவையும் இவைதான். கோட்டையும் பக்கம்தான், ஒரு கிலோமீட்டர் சுமாருக்கு நடை. காகிதத்தில் பார்த்தால் பொருத்தம் பத்தும் இருக்கிறது.

ஆனால் இது வேறு ஓர் உலகம். 1900இல் ஐடா ஸ்கட்டர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய ஆஸ்பத்திரியைச் சுற்றி வளர்ந்த தெருக்கள். பலகைகள் தமிழை விட வங்காளத்தில் அதிகம். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். ரூமுக்குள்ளேயே சமைத்துக்கொள்ள அடுப்பு வசதி உள்ள லாட்ஜ்கள் உண்டு. சாயந்திரமானால் வராந்தா முழுக்கக் கடுகெண்ணெயில் மீன் பொரிகிற வாசனை. எதிர் ரூம் கதவு திறந்திருக்கும். கட்டிலில் எக்ஸ்ரே கவர், ஜன்னல் கம்பியில் காயும் துண்டு, தரையில் அரிசி பொறுக்கும் ஓர் அம்மா. விடியுமுன் எழுந்து பைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓபி வரிசைக்கு நடப்பார்கள். அவர்களுக்கு நடுவே ஊர் சுற்றிப் பார்க்கிற உற்சாகத்தில் பிள்ளைகள் மாடிப்படியில் ஓடி விளையாடுவது எனக்கு ஒட்டவில்லை. ஒரு ரூமை நாம் பிடித்துக்கொண்டால், ராத்திரி ரயிலில் வந்து இறங்கும் ஒரு குடும்பம் நோயாளியோடு தெருத் தெருவாக அலையும் என்பதும் இருக்கிறது. ஞாயிறு சாயந்திரம் இந்தப் பக்கம் ரூம் தேடிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இருந்தாலும் ஒரு கூட்டத்துக்கு இதுதான் சரி என்பேன். கூட வரும் பாட்டிக்கு முழங்கால் வலி என்றால், சர்க்கரை மாத்திரை தவறக்கூடாது என்றால், இங்கே தங்குங்கள். நோயாளிகளை மனதில் வைத்தே கட்டிய லாட்ஜ்களில் லிப்ட் இருக்கும், சக்கர நாற்காலி ஏறுகிற சரிவு இருக்கும், கழிவறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். தெருவில் இறங்கினால் எந்த நேரமும் ஒரு மருந்துக் கடை திறந்திருக்கும். நட்சத்திர ஓட்டல்களிலேயே சில நேரம் கிடைக்காத வசதி இது. அப்புறம், சாப்பாடு. வேலூரில் ஒரிஜினல் வங்காள மீன் குழம்பு சாப்பிட வேண்டுமானால் வேறெங்கும் போக வேண்டாம்.

புதிய பஸ் ஸ்டாண்டும் கிரீன் சர்க்கிளும் மூன்றாவது. 2022இல் திறந்த புதுக் கட்டடம், பக்கத்திலேயே சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலை. காரில் வருகிறவர்களுக்கு ஊருக்குள் நுழையாமலேயே பார்க்கிங்கோடு ரூம் கிடைக்கும். ஒரு ராத்திரி தூங்கிவிட்டுக் காலையில் கிளம்புகிறவர்களுக்கு இது போதும். இரண்டு நாள் தங்குவதற்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நடந்து போய்ப் பார்க்க ஒன்றும் இல்லை, ரோட்டைத் தாண்டுவதே ஒரு வேலை. என் மைத்துனர் குடும்பம் ஒரு மே மாதம் அந்தப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் தங்கியது. முகப்பு முழுக்கக் கண்ணாடி, அதுவும் மேற்குப் பார்த்து. பார்க்க ஜோர். மத்தியானம் போட்ட ஏசி ராத்திரி பத்து மணிக்குத்தான் ஜெயித்தது.

காட்பாடியைப் பலர் வேலூரின் ஒரு பேட்டை என்று நினைத்துக்கொண்டு பதிவு செய்துவிடுகிறார்கள். கோட்டைக்கும் அதற்கும் ஆறேழு கிலோமீட்டர். இடையில் பாலாறு, அதன் பாலம், அந்தப் பாலத்தின் நெரிசல். தண்ணீர் இல்லாத ஆற்றைக் கடக்க இத்தனை நேரமா என்று ஆட்டோவில் புழுங்கிக்கொண்டே கேட்பீர்கள். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் 1, 2 நம்பர் பஸ்கள் ஊர் முழுக்க இறக்கி ஏற்றிக்கொண்டு போகும். மலிவு, ஆனால் காலை நேரத்தின் பொன்னான முக்கால் மணியை அவை தின்றுவிடும்.

காட்பாடிக்கென்று தனியாக ஒரு நியாயம் இருக்கிறது. வந்தே பாரத்தோ பிருந்தாவனோ பிடித்து வருகிறவர்களுக்கு ஸ்டேஷன் வாசலிலேயே ரூம். இங்கிருந்து திருப்பதிக்கு நேர் ரயில் பாதை உண்டு, அதனால் மறுநாள் திருமலை போகிற திட்டம் இருந்தால் இதை விட்டால் வேறு தோதான இடம் இல்லை. வள்ளிமலையும் இந்தப் பக்கம்தான். முருகன் கோயிலோடு பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் அங்கே இருக்கின்றன, ஆனால் படியேற வேண்டும், விடியலில் போங்கள். விஐடி பல்கலைக்கழகம் இருப்பதால் ஆந்திரச் சாப்பாட்டிலிருந்து வடநாட்டு ரொட்டி வரை எல்லாம் கிடைக்கும். கட்டடங்களும் புதியவை. ஜூன், ஜூலையில் மட்டும் உஷார். பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க வரும் பெற்றோர்கள் கூட்டம் வந்துவிட்டால் வாடகை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

ஸ்ரீபுரத்தில் பொற்கோயிலுக்குப் பக்கத்திலேயே தங்கலாமா என்று கேட்கிறவர்கள் நிறைய. திருமலைக்கோடியில் 2007 ஆகஸ்டில் குடமுழுக்கு நடந்த கோயில். சுமார் 1,500 கிலோ தங்கம் பதித்தது என்பதை எல்லோரும் சொல்வார்கள். நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்கு மேல் வெறுங்காலில் நடக்க வேண்டும் என்பதைப் பலர் சொல்ல மாட்டார்கள். செல்போனை வெளியே கொடுத்துவிட வேண்டும், அரை டிரவுசரோடு உள்ளே விட மாட்டார்கள். என் யோசனை: ஊரில் தங்கி, ஐந்து மணி வாக்கில் கிளம்பிப் போங்கள். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து எட்டுப் பத்து கிலோமீட்டர்தான். விளக்கு போட்ட பிறகுதான் அந்தத் தங்கம் பேசும். அங்கேயே தங்கினால் அமைதி கிடைக்கும், சைவச் சாப்பாடு கிடைக்கும், தரிசனம் முடிந்த பிறகு பிள்ளைகள் கேட்கும் ‘அடுத்து என்ன?’வுக்குத்தான் பதில் கிடைக்காது.

இத்தனையும் சொன்ன பிறகு, வேலூரையே தூக்கிச் சாப்பிடக்கூடிய போட்டியாளர் ஒன்று இருக்கிறது. பழைய வடாற்காட்டின் செல்ல மலை, ஏலகிரி. 2019இல் மாவட்டம் பிரித்தபோது திருப்பத்தூரோடு போய்விட்டது. வேலூரிலிருந்து 90 கிலோமீட்டர் சுமார், பொன்னேரியில் திரும்பினால் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பாரதியார், ஔவையார், கபிலர் என்று ஒரு பெயர்ப்பலகை இருப்பதால், பின்சீட்டில் வாந்தி வருகிறது என்பவர்களுக்கு அடுத்த வளைவு யார் பெயரில் என்று கேட்டுக் கவனத்தைத் திருப்பலாம். உயரம் ஆயிரம் மீட்டரைத் தாண்டும். மே மாதப் பகலில் அங்கேயும் வெயில் அடிக்கும், ஊட்டிக் குளிரை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ராத்திரியில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கலாம். வேலூரில் அந்தப் பேச்சே கிடையாது.

பார்க்க என்ன இருக்கிறது? புங்கனூர் ஏரியில் படகு, ஒரு பூங்கா, சுவாமிமலை ஏற்றம். ஜலகம்பாறை அருவியைக் கோடையில் நம்பிப் போகாதீர்கள், பெரும்பாலும் பாறைதான் இருக்கும். சனி, ஞாயிறில் பெங்களூர்க் கார்கள் ஏறிவிட்டால் வாடகையும் கூடவே மலையேறும். குளிர்ச்சிதான் முக்கியம் என்றால் நேரே ஏலகிரிக்குப் போய்விடுங்கள், வேலூருக்குள் வராதீர்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: கோட்டைப் பக்கம் ஒரு ராத்திரி. முதல் நாள் சாயந்திரம் பொற்கோயில், மறுநாள் விடியலில் கோட்டை. குளித்துச் சாப்பிட்டுக் கிளம்பி, ஆம்பூரில் மத்தியானம் சீரகச் சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும். அப்புறம் மலை, வார நாளாகப் பார்த்து.

எந்தப் பக்கம் போட்டாலும், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன் ரிசப்ஷனுக்கு ஒரு போன் போடுங்கள். தளத்தில் இருக்கும் படத்தில் வராத விஷயங்கள் இருக்கின்றன. மொட்டை மாடிக்கு நேர் கீழ் உள்ள ரூம் வேண்டவே வேண்டாம். மேலே காங்கிரீட் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஏசி என்ன செய்யும்? மேற்குச் சுவர் ரூமும் அப்படித்தான். தண்ணீர் தொட்டி மாடியில் வெயிலில் நின்றால், மூன்று மணிக்குக் குழாயில் வருவது வெந்நீர். விடியலிலேயே ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்வது இங்கே எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். கரண்ட் போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, பேனும் லைட்டும் மட்டுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். ‘ஜெனரேட்டர் இருக்கு சார்’ என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள்.

செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மத்தியானம் 12 மணிக் கணக்கா என்பதும் இங்கே பெரிய விஷயம். 12 மணிக்குக் காலி செய்யச் சொன்னால், கத்திரி வெயிலில் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டிவரும். சாயந்திர ரயில் என்றால் 24 மணிக் கணக்கு உள்ள லாட்ஜாகப் பார்த்து நாலு மணிக்கு மேல் ரூமுக்குள் நுழையுங்கள், மறுநாள் நாலு வரை ஏசி உங்களுடையது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பில்லில் பழையபடி 12 என்று இருந்தால் கவுன்ட்டரிலேயே கேட்டுவிடுங்கள்.