இடுப்பு மூட்டு மாற்று: எக்ஸ்ரே போதுமா, அச்சிட்ட எலும்பு மாதிரி வேண்டுமா, ரோபோவா?

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் கத்தி வைக்கும் முன்பே சில கணக்குகளை முடித்தாக வேண்டும். இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் கிண்ணம் எந்த அளவு, எந்தக் கோணம்? தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் பருமன் என்ன? கால் நீளம் சரியாக வருமா?

தேய்மானம் மட்டுமே உள்ள மூட்டென்றால் என் ஓட்டு சாதாரண எக்ஸ்ரேவுக்குத்தான். ஆனால் அதை ஒழுங்காக எடுக்க வேண்டும். படத்தில் எலும்பு சுமார் 15 முதல் 20 சதவீதம் பெரிதாக விழும். அதைக் கழிக்க 25 மில்லிமீட்டர் உலோகக் குண்டு ஒன்றை உடன் வைத்துப் படம் எடுப்பார்கள். குண்டு மூட்டின் உயரத்திலேயே இருக்க வேண்டும். அவசரத்தில் மேசைமேல் வைத்துவிட்டால் குண்டின் நிழல் அவ்வளவாகப் பெருக்காது. அதை நம்பிக் கணினி எலும்பை உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். அளவு மீறிய தண்டைத் தட்டி இறக்கினால் தொடை எலும்பில் விரிசல் விழலாம். இத்தனைக்கும் காரணம் ஒரு சின்னக் குண்டு!

எக்ஸ்ரேவுக்குத் தெரியாதது எலும்பின் முறுக்கு. அதற்கு சி.டி. வேண்டும். கதிர்வீச்சும் செலவும் கூடும். அதனால் எல்லோருக்கும் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பிறவியிலேயே குழி ஆழமில்லாமல், தொடை எலும்பின் தலை மேலேறி நிற்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே சி.டி. படத்திலிருந்து நிஜ அளவில் முப்பரிமாணமாக அச்சிட்ட இடுப்பெலும்பு மாதிரி கைகொடுக்கும். சோதனைக் கிண்ணத்தை அதில் வைத்துப் பார்க்கலாம்: எவ்வளவு எலும்பு மூடுகிறது, திருகு எந்தப் பக்கம் இறங்கும் என்று விரலாலேயே தடவி அறியலாம். ஆனால் சி.டி.யில் குருத்தெலும்பு சரியாகத் தெரியாது. ஏற்கெனவே உலோக மூட்டு இருந்தால் படமே கீற்றுக் கீற்றாகச் சிதறும். மாதிரியும் அங்கெல்லாம் பொய் சொல்லும்.

ரோபோ புதிதல்ல. ரோபோடாக் இயந்திரம் 1992-லேயே அமெரிக்காவில் மனிதத் தொடை எலும்பைக் குடைந்துவிட்டது. மேக்கோ போன்ற இன்றைய கருவிகள் சி.டி. திட்டத்தைத் தாண்டிக் குடையவிடாமல் மருத்துவரின் கையைத் தடுக்கின்றன. குறித்த கோணத்தில் கிண்ணத்தை வைப்பதில் அவை கெட்டிக்காரர்கள்தான். குறித்த கோணம் சரியா என்பதே கேள்வி. மூட்டு நழுவாமலிருக்க லெவின்னெக் என்ற மருத்துவரின் குழுவினர் 1978-இல் வகுத்த பாதுகாப்பு எல்லை, கிண்ணத்தின் சாய்வு 40 பாகை, முன்திருப்பம் (முன்பக்கமாகத் திரும்பியிருக்கும் கோணம்) 15 பாகை, இரண்டிலும் பத்துப் பாகை கூடலாம் குறையலாம் என்கிறது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மாற்றிய பின் நழுவிய மூட்டுகளில் பாதிக்கு மேல் இந்த எல்லைக்குள்ளேயே இருந்தன.

காரணங்களில் ஒன்று முதுகெலும்பு. உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து தொடைக்கு இடம் விடும். முதுகு விறைத்தவர்களுக்கு அது சாயாது. தொடை முன்பக்கம் முட்டி, மூட்டு பின்பக்கமாக நழுவும். படுக்கவைத்து எடுத்த சி.டி. மட்டும் இதைக் காட்டாது. நின்றும் உட்கார்ந்தும் எடுத்த பக்கவாட்டு எக்ஸ்ரே காட்டும். ரோபோவுக்குக் கட்டணம் கட்டும் முன் அந்த எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள்.