ஈஎஸ்ஆர் மீட்டரா, ஸ்கோப்பா, மொத்தமாக மாற்றுவதா? பழைய அளவுக்கருவிகளில் கெட்ட கெப்பாசிட்டரைப் பிடிக்கும் வழிகள்

செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஆசிலோஸ்கோப்போ பெஞ்ச் மல்டிமீட்டரோ உயிர் வராமல் இருந்தால், முதல் சந்தேகம் பவர் சப்ளையில் உள்ள கெப்பாசிட்டர்கள் மேல்தான் விழும். அவை மூன்று விதமாகக் கெடும்: உள்ளே காய்ந்துபோகும், ஷார்ட் ஆகும், உள்ளிருக்கும் திரவம் வெளியே கசியும். நல்ல சோதனை முறைகள் பல உண்டு. ஆனால் ஒவ்வொன்றும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் கோட்டைவிடும். எந்த முறை எதைக் கோட்டைவிடும் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

சோதனையே தேவைப்படாதது ஒன்று உண்டு. மெயின்ஸ் நுழையும் இடத்தில், ஒளி ஊடுருவும் எபாக்சி உறைக்குள் ரிஃபா வகைக் காகிதக் கெப்பாசிட்டர் இருந்து, உறையில் மயிரிழை விரிசல்கள் தெரிந்தால், பிளக்கைச் செருகும் முன்பே கழற்றிவிடுங்கள். விரிசல் வழியே ஈரம் இறங்கியிருக்கும். மின்சாரம் கொடுத்ததும் அறை முழுக்கப் புகை. லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே இருந்ததற்கு அதே மதிப்புள்ள எக்ஸ்2 ஃபிலிம் கெப்பாசிட்டர், எர்த்துக்குப் போவதற்கு ஒய்2 (இரண்டும் மெயின்ஸுக்கான பாதுகாப்பு வகைகள்) போடுங்கள்.

காய்ந்ததைப் பிடிக்க: ஈஎஸ்ஆர் மீட்டரும் ரிப்பிள் அளவும்

ஈஎஸ்ஆர் என்பது கெப்பாசிட்டருக்குள் தொடராக இருக்கும் ரெசிஸ்டன்ஸ்; காய்ந்தால் அது ஏறும். ஈஎஸ்ஆர் மீட்டரின் பெரிய வசதி, போர்டிலிருந்து கழற்றாமலே அளக்கலாம் என்பது. பெரும்பாலும் 100 கிலோஹெர்ட்ஸில், டயோடும் டிரான்சிஸ்டரும் விழித்துக்கொள்ளாத அளவுக்குச் சிறிய வோல்டேஜைக் கொடுத்து அளக்கும். 1000 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் 0.1 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். 10 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் என்றால் ஒன்றிரண்டு ஓம் இருக்கலாம். பத்தைத் தாண்டினால் அது போய்விட்டது. அளக்கும் முன் மெயின் ஃபில்டர் கெப்பாசிட்டரை 2 கிலோஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக டிஸ்சார்ஜ் செய்து, வோல்டேஜ் இறங்கிவிட்டதை மல்டிமீட்டரில் பார்த்துவிடுங்கள். ஸ்விட்ச்-மோட் சப்ளை என்றால் அங்கே 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

சப்ளை ‘டிக் டிக்’ என்று முயன்று முயன்று அணைகிறதா, நாலைந்து தடவை ஆன் செய்த பிறகுதான் எழுகிறதா, அங்கே ஈஎஸ்ஆர் மீட்டருக்கு ஈடு இல்லை. சப்ளையை இயக்கும் பிடபிள்யூஎம் ஐசிக்குப் பக்கத்தில் இருக்கும் 22 அல்லது 47 மைக்ரோஃபாரட் ஸ்டார்ட்-அப் கெப்பாசிட்டரை முதலில் தொடுங்கள். வெளியே வோல்டேஜே வராதபோது ரிப்பிள் (டிசி மேல் ஏறிவரும் அலை) பார்த்துப் பயனில்லை.

ஆனால் 5 வோல்ட் லைனில் ஐந்து கெப்பாசிட்டர்கள் பேரலலாக இருந்து அதில் ஒன்று செத்திருந்தால், மற்ற நான்கும் அதை மறைத்துவிடும். இன்னும் ஆபத்தானது, ஷார்ட் ஆன டான்டலம் கெப்பாசிட்டர். ஈஎஸ்ஆர் மீட்டர் அதற்கு 0.0 ஓம் காட்டும். பார்ப்பவர் ‘அருமையான கெப்பாசிட்டர்’ என்று நகர்ந்துவிடுவார். ஆகவே ஒவ்வொரு லைனையும் முதலில் சாதாரண ஓம் ரேஞ்சில் பார்த்த பிறகே ஈஎஸ்ஆர் மீட்டரை எடுங்கள்.

கருவி ஓடுகிறது, ஆனால் டிரேஸ் ஆடுகிறது, ரீடிங் நிலைக்கவில்லை என்றால் ரிப்பிள்தான் முந்துகிறது. ஸ்கோப்பை ஏசி கப்ளிங்கில், 20 மெகாஹெர்ட்ஸ் லிமிட் போட்டு, புரோபின் நீள எர்த் வயருக்குப் பதில் குட்டி ஸ்பிரிங்கை மாட்டி அளக்கவும். 50 ஹெர்ட்ஸ் மெயின்ஸில் பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்குப் பின் 100 ஹெர்ட்ஸ் ரம்பப்பல் அலை வரும். 1 ஆம்பியர் லோடுக்கு 4700 மைக்ரோஃபாரட் என்றால், 10 மில்லிசெகண்டில் இறங்கக்கூடியது அதிகபட்சம் சுமார் 2.1 வோல்ட். 4 வோல்ட் இறங்கினால் கொள்ளளவில் பாதி காணாமல் போயிருக்கிறது. 100க்குப் பதில் 50 ஹெர்ட்ஸ் தெரிந்தால் பிரிட்ஜில் ஒரு டயோடு ஓப்பன். கெப்பாசிட்டரைக் குறை சொல்லாதீர்கள். ரெகுலேட்டருக்கு முன்னால் அளப்பது முக்கியம். 7805 என்ற 5 வோல்ட் ரெகுலேட்டருக்குள் போகும் அலையின் அடிப்பள்ளம் சுமார் 7 வோல்டுக்குக் கீழே போகும்வரை, வெளியே எல்லாம் சுத்தமாகவே தெரியும்.

மெயின்ஸ் பக்கத்தில் ஸ்கோப்பின் எர்த் கிளிப்பை மாட்டவே கூடாது. டிஃபரன்ஷியல் புரோப் இல்லையென்றால் அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள்.

கொள்ளளவை நேரடியாக அளக்கும் எல்சிஆர் மீட்டர் துல்லியமானதுதான், ஆனால் கெப்பாசிட்டரைக் கழற்ற வேண்டும். பழைய போர்டில் ஒவ்வொரு டீசால்டரும் ஒரு பேடை (சால்டர் பிடிக்கும் காப்பர் திட்டை) பணயம் வைப்பது. சந்தேகம் உறுதியானதற்கு மட்டும் அதைச் செய்யலாம். உள்ளுக்குள் டிசி கசிவதை அதுவும் காட்டாது. கழற்றியதற்கு 1 கிலோஓம் வழியாக அதன் முழு வோல்டேஜைக் கொடுத்து, சில நிமிடம் கழித்து ரெசிஸ்டரில் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோஆம்பியர்.

ஷார்ட்டைப் பிடிக்க: சூடும் மில்லிவோல்டும்

ஒரு லைனில் முப்பது டான்டலம், ஒன்று ஷார்ட். கருவியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வெளி சப்ளையிலிருந்து அந்த லைனுக்கு 1 வோல்ட், 1 ஆம்பியர் லிமிட் வைத்துக் கொடுப்பது இரண்டு முறைக்கும் பொது. சூடாவது எது என்று விரலாலோ தெர்மல் கேமராவாலோ தேடுவது எளிது. ஷார்ட் 0.2 ஓம் என்றால் 0.2 வாட் எரியும். மணி போன்ற அந்த டான்டலம் தன்னை உடனே காட்டிக்கொடுக்கும். ஆனால் ஷார்ட் 10 மில்லிஓம் என்றால் வெறும் 10 மில்லிவாட், ஒன்றும் தெரியாது. ஆம்பியரை ஏற்றினால் டிராக்கே சூடாகிக் குழப்பும்.

அங்கேதான் மில்லிவோல்ட் முறை ஜெயிக்கிறது. 1 மில்லிமீட்டர் அகலமும் 10 மில்லிமீட்டர் நீளமும் உள்ள, 35 மைக்ரான் தடிமன் காப்பர் டிராக் ஏறத்தாழ 5 மில்லிஓம். 1 ஆம்பியரில் அது 5 மில்லிவோல்ட். சாதாரண மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் ரேஞ்சே போதும். ஒரு புரோபைக் கரண்ட் நுழையும் இடத்தில் ஊன்றி, மற்றதை டிராக் வழியே நகர்த்துங்கள். ரீடிங் ஏறிக்கொண்டே போய், எங்கே ஏறுவதை நிறுத்துகிறதோ, கரண்ட் அங்கேதான் கீழே இறங்குகிறது. மல்டிலேயர் போர்டின் பவர் பிளேனில் வித்தியாசம் மைக்ரோவோல்ட்டில் இருக்கும் என்பதால், 5½ இலக்க மீட்டர் வேண்டும். மாற்றும் டான்டலத்துக்கு லைன் வோல்டேஜைப் போல இரு மடங்கு ரேட்டிங் வையுங்கள். டான்டலத்தில் கோடு பிளஸ், அலுமினியத்தில் கோடு மைனஸ்.

மொத்தமாக மாற்றுவது எப்போது சரி

அறுபது கெப்பாசிட்டர்களைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால், தலைகீழாகப் போட்டது ஒன்றும் கிழிந்த வயா (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) ஒன்றும் பழைய கோளாறோடு சேர்ந்துகொள்ளும். அதைக் கோளாறு தேடும் முறையாக ஏற்கவே முடியாது. கசிவு மட்டும் விதிவிலக்கு. 1990களின் டெக்ட்ரானிக்ஸ் டிடிஎஸ் 500 வரிசை ஸ்கோப்புகளில் உள்ள எஸ்எம்டி (போர்டின் மேற்பரப்பிலேயே சால்டர் செய்யும்) அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கசிந்து டிராக்குகளை அரிப்பது தெரிந்த விஷயம்; சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் நாற்றம் வரும். இங்கே ஈஎஸ்ஆர் நன்றாக இருந்தாலும் அத்தனையையும் எடுத்து, போர்டைக் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, பக்கத்து வயாக்களில் கன்டினியுட்டி பார்த்த பிறகே புதியதைப் போட வேண்டும்.

அந்த வேகத்தில் பாட்டரியையும் சேர்த்துப் பிடுங்கிவிடாதீர்கள். எச்பி 3478ஏ போன்ற மல்டிமீட்டர்களில் கேலிபிரேஷன் எண்கள் முழுவதும் 3 வோல்ட் லித்தியம் செல் காக்கும் ரேமில்தான் இருக்கின்றன. ஜிபிஐபி (கருவியைக் கணினியோடு இணைக்கும் போர்ட்) வழியாக அவற்றைப் படித்துச் சேமித்த பிறகே செல்லைத் தொடலாம்.