சாகா பெருந்தொகுப்பு: சண்டைக்கு நடுவே வளரும் பிள்ளை

விண்வெளிப் போர்க்கதைகளை நான் விரும்பிப் படிப்பதில்லை. கோள்கள் வெடிக்கும், கப்பல்கள் எரியும், அங்கே இருந்த சனங்களுக்கு என்ன ஆனது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த பெரியம்மாவின் மகள், “இது சனங்களின் கதை, படி” என்று ‘சாகா’ பெருந்தொகுப்பை என்னிடம் தந்துவிட்டுப் போனார். அக்கா சொன்னது உண்மை.

பிரையன் கே. வாகன் எழுதி, ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ் வரைந்து, 2012 மார்ச்சில் தொடங்கிய ஆங்கிலச் சித்திரக்கதை இது. வெளியிடுவது இமேஜ் காமிக்ஸ். ஆனால் கதையின் உரிமை படைத்த இருவரிடமே இருக்கிறது. முதல் ஆறு இதழ்கள் அடங்கிய முதல் தொகுதி 2013இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருது பெற்றது. 2019இல் வந்த இந்தப் பெருந்தொகுப்பில் முதல் 54 இதழ்களும் அடங்கியிருக்கின்றன. 1,300 பக்கங்களுக்கு மேல். அட்டை விலை 59.99 அமெரிக்க டொலர்.

லாண்ட்ஃபால் என்ற கோளுக்கும் அதன் நிலவான ரீத்துக்கும் போர். ஒன்றை அழித்தால் மற்றதும் சுற்றுப்பாதையை விட்டு விலகிவிடும். ஆகவே இரு தரப்பும் சண்டையை அடுத்தவர்களின் உலகங்களுக்குக் கொண்டுபோய்விட்டன. சிறகுள்ள அலானா லாண்ட்ஃபால் பக்கத்துச் சிப்பாய். கொம்புள்ள மார்கோ ரீத் பக்கத்தவன், அவளுடைய காவலில் இருந்த கைதி. இருவரும் சேர்ந்து தப்பி ஓடுகிறார்கள்; கொம்பும் சிறகுமாக மகள் ஹேசல் பிறக்கிறாள்; இரு தரப்பும் ஆள் அனுப்பித் தேடுகின்றன. வளர்ந்துவிட்ட ஹேசல்தான் கதையைச் சொல்கிறாள். அவளுடைய வரிகளை ஸ்டேப்பிள்ஸ் தன் கையாலேயே படங்களின் மேல் எழுதியிருக்கிறார்.

என்னைப் பிடித்து உட்காரவைத்தவள் இசபெல். குழந்தை ஹேசலைப் பார்த்துக்கொள்ளும் பதின்வயதுப் பேய், இரவில்தான் வருவாள். மிதிவெடியில் இறந்தவள். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, குடல் தொங்குகிறது. முகமாலையில் மிதிவெடி அகற்றுவதுதான் என் தொழில். நாங்கள் எடுக்கும் பி4 போன்ற சிறிய வெடிகள் பெரும்பாலும் பாதத்தைத்தான் பறிக்கும், உடலை இப்படிப் பிளக்காது. ஆனாலும் அந்தக் காயத்தை மறைக்காமல் வரைந்த கையை நான் மதிக்கிறேன். இசபெல் பகிடி விடுகிறாள், கோபிக்கிறாள், பிள்ளையைத் தூங்கவைக்கிறாள். ஒரு காலோடு கடை நடத்திப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கு அழுத முகம்தான் வேண்டும். இசபெல்லை ஸ்டேப்பிள்ஸ் அப்படி வரையவில்லை.

பிற்பாதியில் ஹேசலும் பாட்டியும், ரீத் பக்கத்தவர்களை அடைத்துவைக்கும் லாண்ட்ஃபாலின் தடுப்பு முகாமில் இருக்கிறார்கள். அங்கே அவள் பாலர் வகுப்புக்குப் போகிறாள். கொம்பு தெரிந்தால் பரவாயில்லை, சிறகு மட்டும் யார் கண்ணிலும் படக்கூடாது. ஒருநாள் ஆசிரியைக்குத் தானே அதைக் காட்டிவிடுகிறாள். 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த செட்டிகுளம் முகாமில், கூடாரத்துக்குள் படித்தவள் நான். வெளியே எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அம்மா காலையில் சொல்லி அனுப்புவார். பயத்தோடு ஒரு பிள்ளைக்கு வரும் ஆசையையும், யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற அந்த ஆசையையும், வாகன் சரியாகப் பிடித்திருக்கிறார்.

எல்லாப் பகுதிகளும் இப்படி நிற்கவில்லை. தி வில் என்ற கூலிக் கொலைகாரனின் துயரம் நீளமாக இழுபடுகிறது. பொய்யைக் கண்டுபிடித்துச் சொல்லும் அவனுடைய பூனை இல்லாவிட்டால் அந்தப் பக்கங்களைத் தள்ளியிருப்பேன். உடலுறவுக் காட்சிகளும் கொடூரமும் வெளிப்படையாக வரையப்பட்டிருக்கின்றன. படக்கதைதானே என்று பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இதே 54 இதழ்கள் பதினெட்டுப் பதினெட்டாக மூன்று கெட்டி அட்டைப் புத்தகங்களாகவும் கிடைக்கின்றன. மெல்லிய அட்டை போட்ட இந்த ஒற்றைத் தொகுப்பைப் படுத்திருந்து கையில் ஏந்திப் படிக்க முடியாது, மேசை வேண்டும். இருந்தும் நான் இதைத்தான் சொல்வேன். கைக்குழந்தை நடக்கத் தொடங்கி, பள்ளிக்குப் போவது ஒரே புத்தகத்துக்குள் நடக்கிறது. அந்த வளர்ச்சியை இடைவெளி இல்லாமல் பார்க்க வேண்டும்.

54ஆம் இதழில் என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அதோடு 2018 ஜூலையில் தொடரை நிறுத்திய இருவரும் 2022 ஜனவரியில்தான் திரும்பிவந்தார்கள். உரிமை அவர்களிடம் இருந்ததால் இடையில் வேறு யாரும் புகுந்து கதையைத் தொடரவில்லை. 55 முதல் 60 வரையான இதழ்கள் பத்தாம் தொகுதியில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து யாராவது வருவதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே கொண்டுவரச் சொல்லுங்கள்.